பிரஸ் ஷாப்பில் ஓர் உறுமல்

"...பாட்டுன்னு நீங்கெல்லாம் சேர்ந்து சொன்னா நானும் ஒத்துக்கறேன் மேடம். எனக்கு என்ன, நான் சங்கீதம் படிச்சவனா? ஆனா அன்னிக்கு என் காதுல விழுந்தது ஆளு சாவற சத்தம். அதை நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

சொல்லிவிட்டு ரங்கப்பா கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறை அது. எனக்குக் கை சில்லிட்டிருந்தது. அவருக்கு மட்டும் வேர்த்தது.

ரங்கப்பா எங்கள் ஓசூர் கம்பெனியின் பிரஸ் லைனுக்கு இன்சார்ஜ். தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் எச்.ஆர். மேடம். இந்தப் பக்கம் ரங்கப்பாவும் நானும். மேசையின் கடைசியில், நாற்காலி நுனியில் மட்டும் உட்கார்ந்துகொண்டு, மாதேஸ்வரி.

மாதேஸ்வரிக்கு ட்ரெய்னி காலம் முடிகிற நேரம். அந்த அறையை விட்டு வெளியே வரும்போது ஒன்று அவள் பெர்மனென்ட், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு நாட்றாம்பாளையம் பஸ் ஏற வேண்டியதுதான். மேடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "பாடினதுன்னா ஒரு வார்னிங் கொடுத்து பெர்மனென்ட் பண்ணிடுவேன். வேணும்னே கத்தி எல்லாரையும் பயமுறுத்தினதுன்னா வெளிய அனுப்பிடுவேன். சைரன் போட்டவர் ரங்கப்பா. அவர் சொல்றதைத்தான் எழுதப் போறேன்."

ஆக, ஒரு பெண்ணின் வேலை ஒரு கேள்வியில் வந்து நின்றது. அவள் தொண்டையிலிருந்து வந்தது பாட்டா, கத்தலா?

நான் எதற்கு அங்கே என்று கேட்பீர்கள். சேஃப்டி கமிட்டியில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகு மீட்டிங்கில் உட்கார மற்றவர்களுக்கு இஷ்டமில்லை. நாலு பேர் பேசுவதைக் கேட்கலாமே என்று நான் தலையாட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் சொல்வார்: "ரேஷன் கடை வரிசையில நீ அரிசிக்கா நிக்கறே? முன்னாடி பின்னாடி இருக்கறவங்க பேச்சுக்குத்தானே நிக்கறே." பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். அதற்குமேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி வரிசையில் நின்று சேர்த்ததுதான்.

எல்லோரும் பாடகர்கள்

பிரஸ் ஷாப்பைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். இரும்புத் தகட்டை வைத்து, இரண்டு பட்டனை இரண்டு கையால் அழுத்தினால், மேலேயிருந்து ஒரு எடை இறங்கி, தகடு கார் பாகமாகி வெளியே வரும். இப்படி வரிசையாக மெஷின்கள். சத்தம் காதுக்கு முன்னால் பாதத்துக்குத்தான் வந்து சேரும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் தூக்கத்தில்கூட அதிர்ந்துகொண்டிருப்பார்கள்.

எல்லோர் காதிலும் மஞ்சள் நிற அடைப்பான், கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கும். பேச்சு வேலைக்கு ஆகாது. கையால்தான் பேசுவோம். உதட்டுக்கு நேரே கையைக் குவித்தால் டீ. உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் மெஷினை நிறுத்து. தலைக்கு மேல் விரலைச் சுற்றினால் ஓட்டு.

அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் பாடுவார்கள். வெளியாட்களுக்கு இது தெரியாது. யாருக்கும் கேட்காது என்கிற தைரியம்தான். கிரேன் ஓட்டுகிற அண்ணன் பக்திப் பாட்டு. திருநெல்வேலித் தம்பி ஒருவன் காதல் தோல்விப் பாட்டாகப் பாடி, நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொள்வான். இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நானும் பாடுவேன், எனக்கு வரி மறந்த இடத்தில் சொந்த வரி போட்டு. உதடு அசைவதை வைத்துத்தான் ஒருவர் பாட்டை இன்னொருவர் கண்டுபிடிப்போம்.

"பாத்ரூமுக்கு அடுத்தபடியா மனுஷன் சுதந்திரமா இருக்கற இடம் இதுதான் செல்வி" என்பார் கிரேன் அண்ணன்.

மாதேஸ்வரி வந்து சேர்ந்த பிறகு அவள் உதட்டையும் கவனித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. வாய் அகலமாகத் திறந்து அப்படியே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பாவம், பல்வலி போல என்று நினைத்துக்கொண்டேன். டீ நேரத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கிராம்பை நீட்டினேன்.

"எதுக்குக்கா?"

"பல் வலிக்குதுல்ல?"

"இல்லக்கா. பாடிக்கினு இருந்தேன்."

"அது என்னடி பாட்டு, வாயை மூடவே மாட்டேங்கறே?"

"டெத் மெட்டல்க்கா."

"மெட்டல் சரி, காலையிலேருந்து அதைத்தான் கட்டிக்கிட்டு அழறோம். டெத் என்னாத்துக்கு?"

அவள் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. எங்கள் சிநேகம் அங்கே ஆரம்பித்தது.

முதலில் பயமுறுத்தணும்

கம்பெனி பஸ்ஸில் அவள் தன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாள். கிரஷரில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள் யாரோ கிணற்று அடியில் உட்கார்ந்து திட்டுகிறார்கள். ஒரு சொல் விளங்கவில்லை. போனில் அட்டைப்படத்தைப் பார்த்தேன். திறந்த மண்டை, புழு, குடல். பாடுகிறவர்களின் பெயர், பிடுங்கிப் போட்ட வேர் மாதிரி நாலாபுறமும் இழுத்துக்கொண்டு கிடந்தது. படிக்க முடிந்தால்தானே!

"ஏம்மா, இதைப் பார்த்தா சோறு இறங்குமா?"

"முதல்ல பயமுறுத்தணும்க்கா. ஓடறவங்க ஓடிடட்டும். நிக்கறவங்ககிட்ட பேசிக்கலாம்."

இந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. மனிதர்களோடு பழகுவதில் பாதி விஷயம் அதில் இருக்கிறது. என் மாமியார்கூட முதல் வருஷம் என்னிடம் அந்த முறையைத்தான் கையாண்டார்.

அவள் ஊர் அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய நிலம். ராகி முற்றுகிற காலத்தில் யானை இறங்கும். அவள் அப்பா பரணில் உட்கார்ந்து அடிவயிற்றிலிருந்து கத்தி யானையை விரட்டுவார் என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆஹா, இந்தக் குரல் அங்கிருந்துதான் வந்திருக்கிறது, பரம்பரை வித்தை என்று பெரிய விளக்கமே கொடுத்தேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லக்கா. போன்ல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன்" என்றாள். "பின்லாந்துல ஒரு அக்கா சொல்லித் தர்றாங்க. தொண்டையில கத்தினா ஒரே வாரத்துல குரல் போயிடும். வயித்துலேருந்து காத்தைத் தள்ளணும். அப்பா கத்தினா மூணு நாளைக்கு அவருக்குப் பேச்சே வராது. அவரு கத்தறது தப்பு."

என் விளக்கத்தைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டேன்.

பாடிப் பழகத்தான் அவளுக்கு இடமில்லை. லேடீஸ் ஹாஸ்டலில் எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு ஷிஃப்ட் தூங்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடியில் ஒருமுறை ஆரம்பித்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ விழுந்துவிட்டதாக ஏணியோடு ஓடிவந்துவிட்டாராம். கடைசியில் பிரஸ்தான் கதி என்று கண்டுபிடித்திருக்கிறாள். அதன் அடியும் இவள் பாட்டின் தாளமும் ஒத்துப்போயின. கை தகட்டைப் போடும், வாய் பாட்டைப் போடும்.

அவளே எழுதிய ஒரு பாட்டு உண்டு. வரிகளைச் சொல்லச் சொன்னேன். மெதுவாக, பேசுகிற குரலில் சொன்னாள்.

*கம்பி குடித்த மலை*
*காலை விரித்துக் கிடக்குது*
*கண்ணில் புழு, புழுவில் வெயில்*
*மூக்கைப் பொத்து, நடந்து போ*

பக்கத்துக் காட்டில் கரண்ட் கம்பியில் மாட்டி யானை ஒன்று செத்துப்போனதாம், அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில். பல நாள் நாறியிருக்கிறது. பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறார்கள்.

"ஒருத்தரும் அதைப் பத்திப் பேசலக்கா. எங்க வீட்டுலயும் சரி, ஸ்கூல்லயும் சரி. மூக்கைப் பொத்திக்கினு போனோம், வந்தோம், சோறு தின்னோம். இதை மெல்லிசா பாடினா பொய்யாயிடும்."

கரண்ட் போன நேரம்

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மழை வரப்போகிற மாதிரி வானம் மூட்டமாக இருந்த ஒரு முற்பகல். கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம் பிரஸ் ஷாப் பாழடைந்த கோயில் மாதிரி ஆகிவிடும். எல்லா மெஷினும் ஒரே மூச்சில் அடங்கும். பாடிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் சட்டென்று வாயை மூடிக்கொள்வோம். வெட்கம்தான். அது அங்கே எழுதாத சட்டம்.

மாதேஸ்வரியால் மூட முடியவில்லை. ஒரே மூச்சில் நீளமாக இழுக்கிற இடத்தில் இருந்தாளாம். பாதியில் நிறுத்தினால் தொண்டை போய்விடும் என்று முடிக்கப் பார்த்திருக்கிறாள்.

அரை இருட்டில், அந்த அமைதியில், மாதேஸ்வரி நிற்கிற ஐந்தாம் பிரஸ் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. எனக்கு அவள் பாட்டு தெரியும். இருந்தும் என் முதுகுத் தோல் சுருங்கிவிட்டது. மெஷினுக்குள் கை போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ரங்கப்பா நினைக்கவெல்லாம் நிற்கவில்லை. ஜெனரேட்டர் கரண்ட் வந்தால் மெஷின் மறுபடி அசையுமே! ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். அடுத்த கையால் சைரனை அடித்தார். சைரன் அடித்துவிட்டால் கம்பெனி முழுக்க நின்றுவிடும். எல்லோரும் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மைதானத்தில் கூட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும். தலைமை ஆபீசுக்குத் தகவல் போகும். எல்லாம் நடந்தது.

மைதானத்தில் கூட்டத்தோடு கூட்டமாக மாதேஸ்வரியும் என் பக்கத்தில் வந்து நின்றாள். "யாருக்குக்கா அடி?" என்று கேட்டாள். முகம் வெளுத்திருந்தது. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

ரங்கப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "பிரஸ் லைன் எல்லாரும் கையைத் தூக்குங்க! விரலை விரிங்க!"

தூக்கினோம். வரிசையாக நடந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். கறை படிந்த கை, வளையல் போட்ட கை, நகம் கறுத்த கை. எல்லா விரலும் இருந்தன. "இறக்குங்க" என்றார். பிறகு தனக்குத்தானே கேட்கிற மாதிரி, "அப்ப கத்தினது யாரு?"

எல்லாக் கையும் இறங்கின. மாதேஸ்வரி கை மட்டும் இறங்கவில்லை.

கேன்டீனில் இரண்டு கட்சி

அந்த வாரம் கேன்டீனில் சாம்பாரைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் பரிமாறப்பட்டது. பையன்கள் சிலர் அவளைப் பார்த்தால் "ஏய், பேய் வருது" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். திருநெல்வேலித் தம்பி, "எக்கா, பாட்டுன்னா கேட்டா மனசு இளகணும்லா? இதக் கேட்டா வயிறுல்லா கலங்குது" என்றான்.

"உன் பாட்டைக் கேட்டா எனக்கு அழுகை வருது. அதுக்கு நான் கம்ப்ளெயின்ட் குடுத்தனா?" என்றார் கிரேன் அண்ணன்.

கரண்டியோடு நின்றிருந்த சரோஜா அக்கா காவேரிப்பட்டணத்துக்காரர். அவர் ஒரே போடாகப் போட்டார். "மயானக் கொள்ளைத் திருவிழால காளி வேஷம் கட்டிக்கினு உயிரோட கோழியக் கடிக்கிறாங்க. வாயெல்லாம் ரத்தம். எலும்பு மாலை. புள்ளைங்களத் தோள்ல தூக்கி வெச்சுக்கினு நாமதான காட்டறோம்? அது பக்தி. இந்தப் பொண்ணு வாயால சத்தம் போட்டா மட்டும் அசிங்கமா?"

அடுத்த மேசையிலிருந்து ரங்கப்பா தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "அது வருஷத்துல ஒரு நாளு. சாமி பேரு இருக்குது, முன்னாடி தப்பட்டை வருது, ஊருக்கே தெரியும். இது சொல்லாம கொள்ளாம வருது. சும்னே பேசாதம்மா."

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. சரோஜா அக்கா சொன்னதிலும் இருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது. மீட்டிங்கில் என் அபிப்பிராயத்தையும் கேட்பார்களே! முழுசாகக் கேட்காத பாட்டுக்கு அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஞாயிறு

மாதேஸ்வரிக்கு வாசிப்பவர்கள் நாலு பேரோடு ஒரு குழு உண்டு. அது பெங்களூரில் ஒரு சின்ன ஹாலில் பாடுவதாக இருந்தது. மத்தியானக் கச்சேரி. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். எனக்குப் பட்டுப்புடவை கட்டுவதா காட்டன் கட்டுவதா என்று குழப்பம். கச்சேரி என்று சொல்லிவிட்டாளே! கடைசியில் கறுப்பில் சிவப்புக் கரை போட்ட சுங்குடி கட்டிக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும் ஒரு பையன், "ஆன்ட்டி, செம" என்று கும்பிட்டான்.

எல்லாம் கறுப்புச் சட்டை. நீள முடி. ஒருவன் முகமெல்லாம் ரத்தம் வழிய நின்றான். கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"என்னப்பா இது?"

"பீட்ரூட் ஜூஸ் ஆன்ட்டி. சட்டைல பட்டா கறை போவாது. அம்மா திட்டுவாங்க" என்று தாடையைத் தூக்கிப் பிடித்தபடியே பேசினான்.

எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். காதுக்குப் பஞ்சு கொண்டுவந்தார்கள். என் பையிலிருந்து மஞ்சள் அடைப்பானை எடுத்துக் காட்டியதும் ஒரே கைத்தட்டல்.

முதலில் பாடிய குழு எனக்குப் பிடிக்கவில்லை. பெண்ணை வெட்டுகிற மாதிரி ஏதோ பாட்டு என்று பக்கத்துப் பையன் விளக்கம் சொன்னான். பயமுறுத்துவதற்கு இவர்களுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று எரிச்சல் வந்தது. மாதேஸ்வரியிடம் சொன்னேன். "எனக்கும் பிடிக்காதுக்கா. அதுக்குத்தான் அவனுங்களோட சண்டை" என்றாள்.

பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடினார்கள். கலவரம்தான் என்று பயந்தேன். அந்தக் கூட்டத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தான். சுற்றி இருந்தவர்கள் அந்த நொடியே நின்று, கையை நீட்டித் தூக்கிவிட்டு, அவன் கண்ணாடியைத் தேடிக் கொடுத்துவிட்டு, மறுபடி மோதிக்கொண்டார்கள். எங்கள் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் வந்து நிற்கிறபோது இந்த மரியாதையில் கால்வாசி இருந்தால் போதும்.

பிறகு மாதேஸ்வரி ஏறினாள். எண்ணெய் வைத்துப் படிய வாரி ரிப்பன் கட்டுகிற பெண், முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். அதே பாட்டு. அதே நாலு வரி. ஹாலில் யாருக்கும் வார்த்தை புரிந்திருக்காது. எனக்குத் தெரியும் என்பதால் நான் மட்டும் வரி வரியாகப் போனேன். கண்ணில் புழு, புழுவில் வெயில். அந்த இடத்தில் அவள் குரல் தரைக்குக் கீழே இறங்கிற்று. எனக்கு நாற்றம் அடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மூக்கைப் பொத்தக் கை போய்விட்டது.

அழகாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பார்க்காமல் நடந்துபோக விடாத ஒன்று அதில் இருந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் எங்கே வைத்திருக்கிறாள் இதை என்று வியந்துகொண்டே இருந்தேன்.

பக்கத்து சீட்

மீட்டிங்குக்கு முந்தின நாள் கம்பெனி பஸ்ஸில் ரங்கப்பா பக்கத்தில் இடம் கிடைத்தது. கச்சேரிக்குப் போய்வந்த கதையைச் சொன்னேன். பீட்ரூட்டுக்குச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"செல்வியம்மா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொன்னதில்ல" என்று ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"நானு பையனா இருக்கறப்போ வேற எடத்துல வேலை. சின்ன ஷெட்டு. பக்கத்து மெஷின்ல சேகருன்னு ஒருத்தன். நம்ம மாதிரியே, மெஷின் ஓடறப்போ பாடுவான். ஒருநாளு அந்த சத்தத்துக்குள்ளயும் அவன் குரலு கொஞ்சம் கேட்டுச்சு. அட, இன்னிக்கு ஜோரா எடுத்துட்டான்டான்னு நெனச்சேன். திரும்பல. சிரிச்சுக்கினே இன்னொரு ஷீட்டு போட்டேன். அப்புறந்தான் திரும்பினேன்."

பஸ் சிப்காட் வளைவில் திரும்பியது. அவர் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பொழச்சிட்டான். சூளகிரில கடை வெச்சிருக்கான். ஒரு கையில பொட்டலம் மடிக்கிறான். நானு போனா டீ வாங்கித் தருவான். ஒரு வார்த்தை கேட்டதில்ல."

தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்து நீட்டினேன். வாயாடி என்று பெயர் வாங்கினவள் நான்.

"அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் கெடையாதும்மா. நல்லா வேலை செய்யுது. ஆனா சாவுன்னா அதுக்கு டீ-ஷர்ட்டுல போடற படம். எனக்கு அப்படி இல்ல. நாளைக்கு மேடம் கேட்டா, கேட்டது கேட்ட மாதிரிதான் சொல்லுவேன்."

அன்று சாயந்திரம் ஹாஸ்டலுக்குப் போய் மாதேஸ்வரியிடம் இதைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அவரு ஓடி வந்தது சரிதான்க்கா. அடுத்த தடவையும் ஓடி வரணும்" என்றாள். பிறகு, "ஆனா நான் பாடினேன்க்கா" என்றாள். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

மறுபடியும் அந்த அறை

ஆக, ரங்கப்பா சொன்னபடியே சொல்லிவிட்டார். ஆளு சாவற சத்தம். எச்.ஆர். மேடம் சென்னைப் பெண், வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"செல்வி, நீங்க என்ன சொல்றீங்க?"

"பாட்டுதான் மேடம். நான் கச்சேரிக்கே போய்க் கேட்டேன். வரி இருக்கு, தாளம் இருக்கு, கூட நாலு பேர் வாசிக்கறாங்க. எல்லாரும் பாடற இடத்துல அவளும் பாடியிருக்கா. நாங்க பாடினது கேட்கல, அவ பாடினது கேட்டுடுச்சு, அவ்வளவுதான்."

"உங்களுக்குப் பிடிச்சிருக்குங்கறதுக்காக அது பாட்டாயிடுமா?"

நானும் எத்தனையோ சினிமாப் பாட்டை இதெல்லாம் பாட்டா என்று கேட்டிருக்கிறேன்.

மேடம் மாதேஸ்வரி பக்கம் திரும்பினார். "நானும் கேட்டதில்ல. இங்கயே பாடும்மா. ரங்கப்பா கேட்கட்டும். கேட்டுட்டு அவரே சொல்லட்டும்."

மாதேஸ்வரி எழுந்தாள். யூனிஃபார்ம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மறுபடி இழுத்தாள். கோழிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்சல் வந்து, அதுவும் நடுவில் உடைந்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"தண்ணி குடிடி" என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

"மேடம்... பிரஸ் ஓடணும் மேடம். அந்த அடி இல்லாம எங்க எடுக்கறதுன்னு தெரியல. இங்க ரொம்ப... அமைதியா இருக்கு."

"அன்னிக்கு கரண்ட் போனப்பவும் அமைதியாத்தானே இருந்தது?"

"அப்ப ஏற்கனவே எடுத்துட்டேன் மேடம்."

மேடம் பெருமூச்சு விட்டார். "வரலைன்னா நான் என்னன்னு எழுதறது? சொல்லு." பேனா மூடி இந்த முறை கழன்றே இருந்தது. மாதேஸ்வரி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசியின் உறுமல் மட்டும்தான் அந்த அறையில் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். நாட்றாம்பாளையத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்றுகூட மனசு யோசித்துவிட்டது.

ரங்கப்பா நாற்காலியை முன்னால் இழுத்தார். எதிரே இருந்த டீ கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். மேசைமேல் முஷ்டியை இறக்கினார்.

டம்.

ஓர் இடைவெளி. தகட்டை எடுத்து, வைத்து, கையைப் பின்னால் இழுக்கிற நேரம். டம். மறுபடி அதே இடைவெளி. டம். ஐந்தாம் பிரஸ்ஸின் அடி. மேசைக்கடியில் என் பாதம் அதை அடையாளம் கண்டுகொண்டது.

மாதேஸ்வரியின் முகம் நிமிர்ந்தது. தோள் இறங்கியது. வயிறு நிறைய மூச்சை வாங்கினாள்.

வந்தது பாருங்கள்! மேடத்தின் நாற்காலி சக்கரத்தோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. செக்யூரிட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்தவர் மாதிரி மூடினார். நான் ரங்கப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இழுப்புக்கு அவர் உடம்பு தூக்கிப் போட்டது. ஓடப் போகிறவர் மாதிரி கால் நகர்ந்தது. இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வலது முஷ்டி ஓர் அடியைக்கூடத் தவறவிடவில்லை.

கம்பி குடித்த மலை. கண்ணில் புழு. நாலு வரியும் முடிந்தன. மாதேஸ்வரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடம் உள்ளங்கையைக் காட்டி, "போதும், போதும்மா" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்து, பேனாவை எடுத்தார். "ரங்கப்பா, சொல்லுங்க. நான் என்ன எழுதட்டும்?"

ரங்கப்பா மேடத்தைப் பார்க்கவில்லை. முஷ்டியை நிறுத்தவுமில்லை. டம். டம். நனைந்த கண்ணோடு மாதேஸ்வரியைப் பார்த்து, பாட்டை மறுபடி எடு என்று முகவாயை உயர்த்தினார்.